பனி, கதவு, மின்தடை, சோயா வயல்: நான்கு திகில் நாவல்களில் எதை முதலில் எடுப்பது?

ஊரைவிட்டு வெகுதூரத்தில் ஒரு வீடு. உள்ளே ஒரு குடும்பம், கூடவே சின்னப் பிள்ளை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் கிடையாது. இந்த ஒரே நிலைமையை வைத்துக்கொண்டு எழுதப்பட்ட திகில் நாவல்களுக்குக் கணக்கே இல்லை. உளவியல் திகில் படித்துப் பார்க்க ஆசைதான், ஆனால் இப்போதைக்கு ஒரு புத்தகத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர் கடையில் போய் நின்றால் தலை சுற்றிவிடும். அட்டைகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். பின்னட்டை வாசகங்கள் அதைவிட ஒன்றுபோல இருக்கும்.

அதனால் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஸ்டீபன் கிங்கின் ‘தி ஷைனிங்’ (1977), பால் ட்ரெம்ப்ளேயின் ‘தி கேபின் அட் தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்’ (2018), ருமான் ஆலமின் ‘லீவ் தி வேர்ல்ட் பிஹைண்ட்’ (2020), அர்ஜென்டினாவின் சமந்தா ஷ்வெப்ளின் எழுதிய ‘ஃபீவர் ட்ரீம்’ (ஸ்பானிய மொழியில் 2014, மேகன் மெக்டவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2017). நான்கும் நல்ல நாவல்கள். ஆனால் நான்கும் ஒரே ஆளுக்குப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. தனக்கு ஒத்துவராததை முதலில் எடுத்துவிட்டு, இந்த வகையே வேண்டாம் என்று ஒதுங்கிப் போனவர்கள் நிறைய. முடிவுகளை உடைக்காமல்தான் பேசப்போகிறேன். ஆனால் தேர்ந்தெடுக்கத் தேவையானவற்றை மறைக்கமாட்டேன், குறிப்பாகக் குழந்தைகள் விஷயத்தில்.

முதலில், இந்தக் கதைகள் எதனால் வேலை செய்கின்றன என்பதைப் பார்த்துவிடலாம். காடு, மலை, பனி எல்லாம் பயமுறுத்தும் என்பது உண்மைதான். ஆனால் ஒதுக்குப்புறம் என்ற இடத்துக்கு இந்தக் கதைகளில் வேறொரு வேலையும் இருக்கிறது. அது மூன்றாம் ஆளை அகற்றிவிடுகிறது. நம் வீடுகளில் கணவன் மனைவிக்குள் மனஸ்தாபம் என்றால் நடுவில் பேச ஒரு பெரியம்மா வருவார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டு அக்கா தொட்டுப் பார்த்து ‘இப்பவே டாக்டர்கிட்ட போ’ என்பார். ‘நீ நினைக்கிறது தப்பு’ என்று சொல்ல ஒருவர் இருந்துகொண்டே இருக்கிறார். அந்த ஆள் இல்லாமல் போனால், வீட்டில் இருக்கும் பெரியவர்கள் இருவர் ஒருவரையொருவர் எவ்வளவு நம்புகிறார்கள் என்பது மட்டும்தான் மிச்சம். நான்கு நாவல்களும் அந்த நம்பிக்கையைத்தான் சோதிக்கின்றன. நான்கும் சோதிக்கிற விதம்தான் வேறு. உங்களுக்கு எது பொருந்தும் என்பதும் அங்கேதான் இருக்கிறது.

‘தி ஷைனிங்’கில் ஆபத்து அப்பாவுக்குள்ளே இருக்கிறது. ஜாக் டாரன்ஸ் எழுத்தாளன், பள்ளி ஆசிரியராக இருந்தவன். ஒரு மாணவனை அடித்ததால் வேலை போய்விட்டது. அதற்கு முன்பே குடிபோதையில் சொந்த மகனின் கையை உடைத்தவன். இப்போது குடியை விட்டுவிட்டான். பழைய நண்பன் ஒருவன் தயவில் கொலராடோ மலைகளில் ஓவர்லுக் என்ற பேய் பிடித்த ஹோட்டலில் குளிர்காலக் காவலாளி வேலை கிடைக்கிறது. பனி விழத் தொடங்கினால் சாலை மூடிவிடும், வசந்தம் வரை வெளியே வர முடியாது. மனைவி வெண்டி, ஐந்து வயது மகன் டேனி. இந்த வேலையும் போய்விட்டால் குடும்பத்துக்கு வேறு கதி இல்லை. ஏன் அவர்கள் முதலிலேயே கிளம்பிப் போகவில்லை என்று வாசகர் கேட்கும் கேள்விக்கு கிங் கொடுக்கும் பதில் இதுதான். பேயை நம்பாதவர்கள்கூட இந்தப் பதிலை நம்புவார்கள். பணம் இல்லை, மானம் போய்விடும், இந்த முறையாவது சரியாகச் செய்துகாட்ட வேண்டும்.

குளவிக்கூடு வரும் இடத்தைச் சொல்கிறேன். ஜாக் கூரை ஓடுகளைச் சரிசெய்யும்போது அடியில் ஒரு குளவிக்கூடு. கொட்டு வாங்குகிறான். மருந்துப் புகையைப் போட்டு எல்லாவற்றையும் கொன்றுவிட்டு, காலியான கூட்டை மகனுக்குப் பரிசாகக் கொடுக்கிறான். சின்ன வயதில் அவனுடைய அப்பாவும் அவனுக்கு அப்படித்தான் கொடுத்தாராம். டேனி அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். நடுராத்திரியில் செத்துப்போன கூட்டிலிருந்து குளவிகள் வெளியே வந்து குழந்தையின் கையைக் கொட்டுகின்றன. அன்போடு கொடுத்த பரிசு அது. ஆனால் மனைவியின் கண்ணில் உடனே தெரிவது அந்தப் பழைய உடைந்த கைதான். அவள் வாயைத் திறந்து எதுவும் சொல்லாவிட்டாலும் அவனுக்கும் அது தெரிகிறது. குடித்த காலத்தில் செய்ததை அவள் மறக்கமாட்டாள், தான் மாறிவிட்டதை அவள் ஏற்கவே மாட்டாள் என்று அவன் மனத்தில் கசப்பு ஊறுகிறது. ஹோட்டல் இன்னும் பெரிதாக எதையும் செய்யத் தொடங்கவே இல்லை. அதற்குள் குடும்பத்தில் விரிசல் விழுந்துவிடுகிறது.

அடித்தளத்தில் ஒரு பழைய கொதிகலன் இருக்கிறது. அதன் அழுத்தம் தானாக ஏறிக்கொண்டே போகும். காவலாளி ஒவ்வொரு நாளும் போய் இறக்கிவிட வேண்டும், மறந்தால் கட்டடமே போய்விடும். கிங் இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவார். அதற்குப்பிறகு நானூறு பக்கங்களுக்கும் அந்தக் கொதிகலன் நம் மனத்தின் ஓரத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். ஜாக்கின் கோபத்தைப் பற்றி அவர் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லாமல் போகிறது.

இது எங்கிருந்து வந்தது என்பதும் ஒளிவுமறைவு இல்லாத கதை. 1974இல் கிங்கும் அவர் மனைவி டபிதாவும் கொலராடோவின் எஸ்டஸ் பார்க்கில் உள்ள ஸ்டான்லி ஹோட்டலில் தங்கினார்கள். பருவம் முடிந்து ஹோட்டல் மூடவிருந்த நேரம், மற்ற விருந்தினர்கள் போய்விட்டிருந்தார்கள். அவர்கள் இருந்தது 217ஆம் அறை. நாவலிலும் அதே எண்தான். ஹோட்டலைவிட முக்கியமானது இன்னொன்று. குடிக்கு அடிமையாகியிருந்த ஒரு முன்னாள் பள்ளி ஆசிரியரைப் பற்றி எழுதும்போது, தன்னைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்று அப்போது தனக்குத் தெரியவே இல்லை என்று கிங் 2000இல் வந்த ‘ஆன் ரைட்டிங்’கில் சொல்லியிருக்கிறார். ஜாக்கை வில்லனாக வெறுக்க முடியாமல் போவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். உள்ளேயிருந்து எழுதப்பட்ட ஆள் அவன். அவன் கெட்டுப்போவதை நாம் பார்க்கிறோம். ஒவ்வொரு படியிலும் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் நியாயம் நமக்கும் அரை நொடி சரியாகவே படுகிறது.

படம் பார்த்தாச்சே, இனி எதற்குப் புத்தகம் என்பவர்களுக்கு: ஸ்டான்லி குப்ரிக்கின் 1980 படம் வேறு ஒரு படைப்பு. அறை எண் 237 ஆனது, படத்தின் வெளிப்புறக் காட்சிகளுக்குப் பயன்பட்ட டிம்பர்லைன் லாட்ஜ் நிர்வாகம் கேட்டுக்கொண்டதால். புதர்களைச் செதுக்கிச் செய்த விலங்குகள் நாவலில் இருக்கும். அவற்றுக்குப் பதிலாகப் படத்தில் புதிர்ப்பாதை வந்தது. முடிவும் வேறு. இவை எல்லாம் சின்ன விஷயம். ஜாக்காக நடித்த ஜாக் நிக்கல்சன் முதல் காட்சியிலேயே ஏதோ கோளாறான ஆளாகத் தெரிவார் என்பதுதான் கிங்குக்கே இருந்த மனக்குறை. நாவலின் ஜாக் நல்லவனாக இருக்க உண்மையிலேயே பாடுபடுகிறவன். படத்தில் ஒரு மனிதன் வெறி பிடிப்பதைப் பார்க்கிறோம். நாவலில் ஒரு குடும்பம் இழக்கப்படுவதைப் பார்க்கிறோம். படத்தைப் பார்த்த பிறகும் நாவலைப் படிக்கலாம், தாராளமாக.

குறைகளும் உண்டு. நீளம் அதிகம். எழுபதுகளின் அமெரிக்கப் பொருட்களின் பெயர்களும் பாட்டுகளும் பக்கத்துக்குப் பக்கம் வரும். கடைசி நூறு பக்கங்களில் உளவியல் பின்னால் போய், நேரடியான பேய்க்கதை முன்னால் வந்துவிடுகிறது. எனக்கு முதல் பாதிதான் பொக்கிஷம்.

ட்ரெம்ப்ளேயின் நாவலில் ஆபத்து கதவைத் தட்டிக்கொண்டு வருகிறது. இடம் நியூ ஹாம்ப்ஷயரின் வடக்கே, கனடா எல்லைக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில் ஒரு மரவீடு. எட்டு வயதை எட்டப்போகும் வென் வீட்டின் முன்னால் வெட்டுக்கிளிகளைப் பிடித்து ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் பேர் வைக்கிறாள். அவளுடைய இரண்டு அப்பாக்களும், எரிக்கும் ஆண்ட்ரூவும், பின்பக்கம் ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது லெனார்ட் என்ற பெரிய உருவம் கொண்ட மனிதன் வருகிறான். இனிமையாகப் பேசுகிறான். அவளோடு சேர்ந்து வெட்டுக்கிளி பிடிக்கிறான். வென்னுக்கு அவனைப் பிடித்துப்போகிறது. பிறகு அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேர் விநோதமான ஆயுதங்களோடு பாதையில் வந்துகொண்டிருப்பது தெரிகிறது. இந்த முதல் அத்தியாயத்தை நிகர்த்த தொடக்கத்தை இந்த வகை நாவல்களில் நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். ஒரு குழந்தையின் மரியாதையும் பயமும் ஒரே பேச்சுக்குள் மோதிக்கொள்கின்றன. தெரியாதவர்களோடு பேசக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும், ஆனால் இவர் நல்லவராக இருக்கிறாரே.

வந்தவர்கள் சொல்வது: உலகம் அழியப்போகிறது. இந்தக் குடும்பம் தங்களில் ஒருவரைத் தாங்களே மனமுவந்து பலி கொடுத்தால் மட்டுமே அது நிற்கும். தொலைபேசி இணைப்பை வெட்டியாகிவிட்டது, காரின் டயர்களைக் கிழித்தாகிவிட்டது, செல்போனுக்கு அங்கே சிக்னலே இல்லை. தொலைக்காட்சி மட்டும் ஓடுகிறது, அதில் பேரழிவுச் செய்திகள் வருகின்றன. இவர்கள் சொன்னதுபோல நடக்கிறதா, அல்லது செய்தி வரும் நேரத்தை முன்பே தெரிந்துகொண்டு நாடகம் ஆடுகிறார்களா? இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்வதால் ஏற்கெனவே வெறுப்பையும் தாக்குதலையும் சந்தித்த குடும்பம் இது. வந்திருப்பவர்களில் ஒருவனை எங்கேயோ பார்த்ததாக ஆண்ட்ரூவுக்குத் தோன்றுகிறது. எரிக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது, அவன் கண்ணுக்கு வேறு ஏதோ தெரிகிறது. ஒருவன் நம்ப மறுக்கிறான், மற்றவன் நம்பத் தொடங்குகிறான். இருவரும் ஒருவரையொருவர் உயிராக நேசிக்கிறார்கள் என்பதால்தான் அந்த விரிசல் இவ்வளவு வலிக்கிறது.

இதில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று. குழந்தைக்கு எதுவும் ஆகாது என்ற உத்தரவாதத்தை இந்த நாவல் தருவதில்லை. அந்த எண்ணத்தோடு படிக்க முடியாதவர்கள் இதை எடுக்க வேண்டாம். அதோடு, வந்தவர்கள் சொன்னது நிஜமா பொய்யா என்ற கேள்விக்குக் கடைசிப் பக்கம் வரை நேரான பதில் கிடைக்காது. 2018ஆம் ஆண்டுக்கான சிறந்த திகில் நாவலுக்குரிய பிராம் ஸ்டோக்கர் விருது இதற்குக் கிடைத்தது. எம். நைட் ஷியாமளன் இதைத்தான் 2023இல் ‘நாக் அட் தி கேபின்’ என்று படமாக எடுத்தார். மாஹேயில் பிறந்த, தமிழ்த் தாயின் பிள்ளை என்பதால் நம் பக்கம் பலர் அவருடைய படங்களைத் தவறாமல் பார்ப்பார்கள். அந்தப் படம் நாவலின் முடிவை அடியோடு மாற்றிவிட்டது. நாவல் திறந்தே விட்ட கேள்விக்குப் படம் பதில் சொல்கிறது. என் மனம் நாவலின் பக்கம்தான். படத்தின் முடிவில் ஆறுதல் இருக்கிறது, நாவலின் முடிவில் அந்த இருவரின் வைராக்கியம் இருக்கிறது.

ஆலமின் நாவலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், அது மோசம் என்பதால் அல்ல, அதன் பலம் வேறு இடத்தில் இருப்பதால். நியூயார்க் நடுத்தர வர்க்கத் தம்பதி அமாண்டாவும் கிளேயும், பதின்வயது மகன் ஆர்ச்சி, மகள் ரோஸ். லாங் ஐலண்டில் ஒதுங்கிய ஒரு சொகுசு வீட்டை விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கிறார்கள். இரவில் கதவு தட்டப்படுகிறது. வயதான கறுப்பினத் தம்பதி, ஜி. எச். வாஷிங்டனும் ரூத்தும், இது எங்கள் வீடு, நகரத்தில் மின்சாரம் போய்விட்டது, உள்ளே விடுங்கள் என்கிறார்கள். இணையம் இல்லை, தொலைக்காட்சி இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. இவ்வளவு அழகான வீடு இவர்களுடையதாக இருக்க முடியுமா என்று அமாண்டாவின் மனத்தில் எழும் சந்தேகத்தை ஆலம் ஈவு இரக்கம் இல்லாமல் எழுதுகிறார். வெளியே உலகத்துக்கு என்ன ஆனது என்பதைக் கதாபாத்திரங்களுக்குச் சொல்லாமல், அவ்வப்போது ஒரே ஒரு வரியில் வாசகருக்கு மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த வரிகள்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஒரு காட்சி போதும். செல்போனில் வரைபடம் வராததால் கிளே காரில் வழி தெரியாமல் சுற்றுகிறான். சாலையோரத்தில் ஒரு பெண் கையைக் காட்டி நிறுத்தி, அழுதுகொண்டே ஸ்பானிய மொழியில் உதவி கேட்கிறாள். அவனுக்குப் புரியவில்லை. நல்ல மனிதன்தான், கல்லூரிப் பேராசிரியன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறான். திரும்பி வந்ததும் அதை வீட்டில் சொல்வதும் இல்லை. அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் நல்லெண்ணம் எத்தனை மைல் தாங்கும் என்பதுதான் ஆலமின் அக்கறை. வங்கதேசத்திலிருந்து குடியேறியவர்களின் மகன் அவர். உள்ளே இருந்துகொண்டே கொஞ்சம் வெளியே நின்று பார்க்கும் கண் அவருக்கு இருக்கிறது. நாவல் 2020 அக்டோபரில், எல்லோரும் வீட்டுக்குள் அடைந்துகிடந்த நேரத்தில் வெளிவந்து, அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியலிலும் இடம்பிடித்தது. 2023இல் நெட்ஃபிளிக்ஸ் படமாகவும் வந்தது. படத்தில் ரூத், மனைவியாக இல்லாமல் மகளாக வருகிறாள். பதைபதைப்பைத் தேடி வருபவருக்கு இந்த நாவலின் பாதி தூரம் மெதுவாகத் தெரியலாம். உணவு, வீடு, நீச்சல்குளம் என்று பொருட்களின் மேல் நிறையப் பக்கங்கள் போகின்றன. அந்தப் பொருட்கள் எல்லாம் அர்த்தம் இழப்பதைக் காட்டத்தான் அவ்வளவும். சரி, ஆனாலும் பொறுமை வேண்டும்.

இனி ‘ஃபீவர் ட்ரீம்’. இதிலும் தாயின் பெயர் அமாண்டாதான், முந்தைய நாவலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இருநூறு பக்கங்களுக்குள் முடிந்துவிடும் சிறிய நூல், அத்தியாயப் பிரிவுகளே கிடையாது. கிராமத்து மருத்துவமனைப் படுக்கையில் அமாண்டா கிடக்கிறாள். பக்கத்தில் டேவிட் என்ற சிறுவன். அவன் அவளுடைய மகன் இல்லை. அவள் காதருகே கேள்விகள் கேட்டுக்கொண்டே இருக்கிறான். என்ன நடந்தது என்று நினைவுகூரச் சொல்கிறான். அவள் எதையாவது விரிவாகச் சொல்லப்போனால், அது முக்கியமில்லை, நேரம் இல்லை என்று வெட்டிவிடுகிறான். எது முக்கியம் என்று நமக்கும் தெரியாது. ஆனால் அவன் பேச்சில் இருக்கும் அவசரம் நம்மையும் தொற்றிக்கொள்கிறது.

அமாண்டா மகள் நினாவோடு தலைநகரிலிருந்து வந்து, சோயா வயல்களுக்கு நடுவே ஒரு வீட்டை விடுமுறைக்கு எடுத்திருக்கிறாள். கணவன் பிறகு வருவதாக ஏற்பாடு. அமாண்டாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இடத்தில் இருந்தாலும், மகளுக்கு இப்போது ஏதாவது ஆனால் எத்தனை நொடியில் ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பாள். குழந்தை நீச்சல்குளத்தை நோக்கி ஓடினால்? காரிலிருந்து இறங்கி அங்கே போக எவ்வளவு நேரமாகும்? அந்தத் தூரத்தை ஒரு கயிறாக நினைத்துக்கொள்கிறாள். தன் வயிற்றில் ஒரு முனையும் மகளிடம் மறுமுனையுமாக அது இழுபடும், தளரும். பிள்ளை பெற்ற எவருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது. ஷ்வெப்ளின் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் இது: நீ எவ்வளவு கவனமாக இருந்தாலும், ஆபத்து நீ பார்த்துக்கொண்டிருக்கும் திசையிலிருந்து வராவிட்டால்?

பக்கத்து வீட்டுக் கார்லா தன் மகன் டேவிட்டின் கதையைச் சொல்கிறாள். இரவலாக வாங்கிவந்த பொலிகுதிரை ஒன்று கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடையில் தண்ணீர் குடித்தது. குதிரை கிடைத்துவிட்ட நிம்மதியில் இருந்தபோது, ஓடைத் தண்ணீரில் நனைந்த விரல்களை டேவிட் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். மறுநாள் குதிரையின் கண்கள் வீங்கிக் கிடந்தன. அப்புறம் அவள் மருத்துவரைத் தேடிப் போகாமல், ஊரில் வைத்தியம் பார்க்கும் ஒரு பெண்ணின் பச்சை வீட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே நடந்ததை நீங்களே படிக்க வேண்டும். அதற்குப்பிறகு இவன் என் பிள்ளையே இல்லை என்று கார்லா சொல்கிறாள். பெற்ற தாய் சொல்கிறாள்.

அமாண்டா பயந்துபோய்க் கிளம்ப முடிவு செய்கிறாள். பெட்டி கட்டியாகிவிட்டது, கார் நிற்கிறது, பெட்ரோல் இருக்கிறது, சாலை திறந்திருக்கிறது. மற்ற மூன்று நாவல்களிலும் பனியோ வெட்டப்பட்ட கம்பியோ முடங்கிய உலகமோ குடும்பத்தை அடைத்துவைக்கிறது. இங்கே எதுவும் அடைக்கவில்லை. சொல்லாமல் போவது மரியாதை இல்லையே என்று கார்லாவிடம் விடைபெறப் போகிறாள், அவ்வளவுதான். கார்லா வேலை பார்க்கும் பண்ணை அலுவலகத்தின் முன்னால் ஆட்கள் லாரியிலிருந்து பிளாஸ்டிக் டிரம்களை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். தாயும் மகளும் புல்லில் உட்காருகிறார்கள். எழுந்தால் குழந்தையின் உடை நனைந்திருக்கிறது. பனித்துளி என்று நினைக்கிறாள் அம்மா. கயிறு அந்த நொடியில் சுத்தமாகத் தளர்ந்திருக்கிறது, ஏனென்றால் குழந்தை பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறாள். நான் படித்த திகில் பக்கங்களில் இதைவிடப் பயங்கரமான பக்கம் கிடையாது. பேய் இல்லை, ஆயுதம் இல்லை, யாரும் குரலை உயர்த்தவும் இல்லை.

டிரம்மில் என்ன இருந்தது என்று ஷ்வெப்ளின் பெயர் சொல்வதில்லை. அவருடைய நாட்டு வாசகர்களுக்குச் சொல்லவும் வேண்டாம். அர்ஜென்டினாவில் 1996இல் மரபணு மாற்றப்பட்ட சோயாவுக்கு அனுமதி கிடைத்தது. அந்தச் சோயாவுக்கு ஏற்ற களைக்கொல்லியும் கூடவே வந்தது. வயல்கள் ஊர் எல்லைவரை நெருங்கின, மருந்தை விமானத்திலிருந்தும் தெளித்தார்கள். கோர்தோபா நகரத்தின் விளிம்பில் இருக்கும் இதுசாய்ங்கோ அனெக்ஸோ என்ற குடியிருப்பில், பிள்ளைகளுக்கு நோய் வருவதைப் பார்த்த தாய்மார்கள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். அவர்களில் ஒருவரான சோபியா கதிகா பிறந்த குழந்தையைச் சிறுநீரகக் கோளாறில் இழந்தவர். அவருக்கு 2012இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அதே ஆண்டில் அங்கே மருந்து தெளித்த வழக்கில் தண்டனைத் தீர்ப்பும் வந்தது. நாவல் இதில் எதையும் அறிக்கைபோலச் சொல்லவில்லை. மருத்துவமனையிலும் கடையிலும் எதிர்ப்படும் பிள்ளைகளைக் காட்டுகிறது, அவ்வளவே. உளவியல் திகில் என்றால் எல்லாம் மனப்பிரமை என்று முடித்துவிடுவார்கள் என்ற குறை பலருக்கு உண்டு. இங்கே அந்தப் பிரமைக்குக் கீழே நிஜமான மண் இருக்கிறது, அந்த மண்ணில் நிஜமான மருந்து இருக்கிறது.

இந்த நூலுக்கு 2017இல் சர்வதேச புக்கர் விருதின் குறும்பட்டியலில் இடம் கிடைத்தது. குறை என்று சொன்னால், டேவிட்டுக்கு என்ன ஆனது என்பதை இரண்டு விதமாக வாசிக்கலாம், நூல் எதையும் உறுதி செய்யாது. சிலருக்கு அது எரிச்சலாக இருக்கும். ட்ரெம்ப்ளேயின் நாவலிலும் இதே நிலைதான் என்றாலும், அங்கே கேள்வி என்ன என்பதாவது தெளிவாக இருக்கும். இங்கே கேள்வியையே நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆக, எதை எடுப்பது? ஆங்கில நாவல் படித்துப் பழக்கம் குறைவு என்றால் நீளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கிங்கின் புத்தகம்தான் தடிமனானது, ஆனால் அவருடைய நடை பேச்சு நடை, கதை தானாக இழுத்துக்கொண்டு போகும். ஷ்வெப்ளினின் சொற்கள் மிக எளியவை, வாக்கியங்கள் சிறியவை. ஆனால் யார் பேசுகிறார்கள், எப்போது நடந்தது என்பதைப் பிடித்துக்கொள்ள முதல் முப்பது பக்கம் கவனம் தேவை. ட்ரெம்ப்ளே இரண்டுக்கும் நடுவில், வேகமான நிகழ்காலத்தில் ஓடுகிறார். நால்வரில் ஆலமின் ஆங்கிலம்தான் கடினமானது. நீண்ட வாக்கியங்கள், சமூகக் குறிப்புகள் நிறைய.

முடிவில் எல்லாம் தெளிய வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு ‘தி ஷைனிங்’ ஒன்றுதான் ஒத்துவரும், மற்ற மூன்றும் மனத்தில் உறுத்தலோடு விட்டுவிடும். வீட்டில் குடியும் அடியும் பார்த்து வளர்ந்தவர்கள் கிங்கை எடுக்கும்முன் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள். ஜாக்கின் மனம் மிக நெருக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. சிலருக்கு அது மருந்தாகும், சிலருக்குப் பழைய காயத்தைக் கிளறும். வன்முறையை விவரமாகப் படிக்க முடியாதவர்களுக்கு ட்ரெம்ப்ளே வேண்டாம். நண்பர்களோடு சேர்ந்து படித்துப் பேசுவதற்கு என்றால் ட்ரெம்ப்ளேயோ ஆலமோ நல்ல தேர்வு. நீயாக இருந்தால் கதவைத் திறப்பாயா என்ற ஒரு கேள்விக்கே ஒரு மாலை போய்விடும்.

ஒரே ஒரு புத்தகம்தான், என் பேச்சைக் கேட்டுத்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் ‘ஃபீவர் ட்ரீம்’ என்பேன். மற்ற மூன்றிலும் பெற்றோர் எங்கோ ஓரிடத்தில் தவறுகிறார்கள், அல்லது அவர்கள் மேல் அநியாயம் வந்து விழுகிறது. வாசகர், நானாக இருந்தால் இப்படிச் செய்திருப்பேன் என்று சொல்லித் தப்பிக்க ஒரு இடம் இருக்கிறது. அமாண்டா எதிலும் குறை வைக்கவில்லை. அன்பும் கவனமும் முழுசாக இருந்தும் போதவில்லை என்பதை இவ்வளவு சின்ன நூலில் இவ்வளவு நிதானமாகச் சொல்லியிருப்பது பெரிய சாதனை. அரை நாள் ஒதுக்கி ஒரே அமர்வில் படியுங்கள். நடுவில் மூடிவைத்தால் அந்த அவசரம் அறுந்துபோகும், பிறகு பிடிப்பது கஷ்டம். 2021இல் வந்த படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டேவிட்டின் குரல் புத்தகத்தில்தான் காதுக்குள் கேட்கும்.

கைக்குழந்தை வீட்டில் இருக்கும் புதிய பெற்றோருக்கு மட்டும் இந்தப் பரிந்துரையை மாற்றிக்கொள்கிறேன். அவர்கள் ‘தி ஷைனிங்’கை எடுக்கட்டும். அதிலும் பிள்ளை ஆபத்தில் இருக்கிறான்தான். ஆனால் டேனிக்குத் தூரத்தில் ஒரு மூன்றாம் ஆள் உண்டு. ஹோட்டல் சமையல்காரர் டிக் ஹாலரன், குளிர்காலத்துக்கு ஃபுளோரிடா போய்விட்டவர். டேனியைப் போலவே அவருக்கும் மனத்தாலேயே பேசும் சக்தி உண்டு, தலைப்பில் வரும் ‘ஷைனிங்’ அதுதான். கஷ்டம் வந்தால் மனத்தால் என்னைக் கூப்பிடு, நான் வருகிறேன் என்று முதல் நாளே அந்தப் பையனிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.